மல்கோவாவைக் காய் என்று சொல்லும் இயந்திரம்

எங்கள் தெருமுனையில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஓர் அம்மாள் கூடையில் மாம்பழம் வைத்து விற்பார். பழத்தை அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவே மாட்டார். வாங்க வந்தவர்கள் அழுத்தினாலும் அவருக்குக் கோபம் வரும். ஒரு பழத்தை எடுப்பார், காம்பு இருந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோவார், "இது இன்றைக்கு, இது நாளை மறுநாளைக்கு" என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "தெரியும், அவ்வளவுதான்" என்றார்.

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த அம்மாளிடமிருந்துதான் தொடங்குகிறேன். அவருக்குத் தெரிகிறது, ஆனால் தெரிந்ததை விதியாகச் சொல்ல வரவில்லை. பழைய முறையில் கணினிக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் விதிகள் வேண்டும். தோல் இந்த நிறமாக இருந்தால் பழம், இத்தனை கிராமுக்குக் குறைவாக இருந்தால் காய் என்று ஒவ்வொன்றாக எழுதித் தர வேண்டும். சொல்லத் தெரியாத அறிவை அப்படி எழுத முடியாது. இங்கேதான் இயந்திரக் கற்றல் என்ற முறை வருகிறது. அது விதிகளைக் கேட்பதில்லை, எடுத்துக்காட்டுகளைக் கேட்கிறது. பத்தாயிரம் மாம்பழப் படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் மேலும் 'பழம்' அல்லது 'காய்' என்று எழுதி வைக்கிறோம். இயந்திரம் முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்கிறது. தவறானால், தனக்குள் இருக்கும் எண்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. மறுபடியும் சொல்கிறது, மறுபடியும் மாற்றிக்கொள்கிறது. லட்சக்கணக்கான முறை இது நடந்த பிறகு அது ஏறக்குறையச் சரியாகச் சொல்லத் தொடங்குகிறது. அப்போது அதைத் திறந்து பார்த்தால் உள்ளே விதி எதுவும் எழுதியிருக்காது. எண்கள் மட்டுமே இருக்கும். "ஏன் இதைப் பழம் என்றாய்?" என்று கேட்டால், அதனிடமும் "தெரியும், அவ்வளவுதான்" என்பதற்கு மேல் பெரிதாகப் பதில் கிடைக்காது.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாம் கொடுத்த பத்தாயிரம் படங்களும் பங்கனப்பள்ளி மாம்பழப் படங்கள். பங்கனப்பள்ளி பழுத்தால் பொன் மஞ்சளாகிவிடும். ஆகவே இயந்திரம் 'மஞ்சள் என்றால் பழம்' என்று தானாகவே கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு ஒரு மல்கோவாவைக் காட்டுகிறோம். மல்கோவா நன்றாகப் பழுத்த பிறகும் தோலில் பச்சை போகாமல் இருக்கும். இயந்திரம் தயங்காமல் 'காய்' என்கிறது. அடுத்து, கார்பைட் கல் வைத்து மஞ்சளாக்கிய காய் ஒன்றைக் காட்டுகிறோம். அதே உறுதியோடு 'பழம்' என்கிறது. தவறுகள் இரண்டு, வேர் ஒன்று. நாம் அளக்க நினைத்தது கனிவை. இயந்திரம் அளந்தது நிறத்தை.

மாம்பழமாக இருக்கும்வரை நஷ்டம் சில ரூபாய்தான். அந்த இடத்தில் நோயாளியும், விசாரணைக் கைதியும், கடன் கேட்டு நிற்பவரும் வரும்போதுதான் இது அறத்தின் கேள்வியாகிறது. 'இயந்திர அறம்' என்றதும் பலருக்கு, மனிதனை எதிர்த்துக் கிளம்பும் ரோபோதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கவலையை நான் இகழவில்லை. ஆனால் இன்று உலகில் உண்மையாக நடந்துகொண்டிருக்கும் அநியாயங்களில் பெரும்பாலானவை மல்கோவாவுக்கு நேர்ந்த வகையைச் சேர்ந்தவை. அந்த இயந்திரத்துக்கு மல்கோவா மீது எந்தப் பகையும் கிடையாது. பகையே இல்லாமல் அநியாயம் நடக்க முடியும் என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

யாருடைய முகம்?

2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்தார்கள். ஒரு முகத்தின் படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் அப்போது சந்தையில் இருந்தன. மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், ஃபேஸ் பிளஸ் பிளஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைக் காட்டினார்கள். வெளிர் நிற ஆண்களிடம் எந்த மென்பொருளின் பிழையும் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம்வரை போனது. மூன்று பெண்களில் ஒருவரை ஆண் என்று சொல்லும் அளவு!

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. முகங்களை அடையாளம் காணும் மென்பொருள்களைச் சோதிக்க அதுவரை பலரும் பயன்படுத்திய தொகுப்புகள் இரண்டை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒன்றில் 79.6 சதவீதமும் மற்றதில் 86.2 சதவீதமும் வெளிர் நிற முகங்கள். பெரும்பாலும் பங்கனப்பள்ளி. தேர்வுத்தாளிலேயே மல்கோவா குறைவாக இருந்தபோது, மல்கோவாவில் தோற்றது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஆய்வு வெளிவந்த பிறகு அந்த நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்தின, பிழையும் வெகுவாகக் குறைந்தது. ஆக, முடியாத வேலை ஒன்றுமில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நோய்க்குப் பதிலாகச் செலவு

தரவில் சிலர் விடுபட்டுப்போவது எளிதில் புரியும் தவறு. இனி சொல்லப்போவது நுட்பமானது. செயற்கை நுண்ணறிவின் அறத்தைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டைத்தான் தெரிந்துகொள்ள நேரம் உண்டு என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும், நாள்பட்ட நோயால் துன்பப்படுவோருக்கென்று தனிக் கவனிப்புத் திட்டங்களை நடத்துகின்றன. தனிச் செவிலியர், எளிதில் கிடைக்கும் மருத்துவர் சந்திப்பு, தொடர்ந்த விசாரிப்பு எல்லாம் அதில் உண்டு. எல்லோருக்கும் கொடுக்க வசதி போதாது. எனவே யாருக்கு மிகவும் தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு மென்பொருள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. அப்படி ஒரு மருத்துவமனையில், மதிப்பெண் வரிசையில் உச்சியில் இருந்த 3 சதவீதத்தினர் நேரடியாகத் திட்டத்துக்குத் தெரிவானார்கள்.

அங்கே பயன்பட்ட மென்பொருளை சியாத் ஓபர்மேயர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 2019இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மதிப்பெண் ஒன்றாக இருக்கும் ஒரு கறுப்பின நோயாளியையும் ஒரு வெள்ளையின நோயாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே அளவு நோய் இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. திட்டத்தில் நேரடியாகச் சேர்க்கும் அந்த எல்லைக்கோட்டில், வெள்ளையருக்குச் சராசரியாக 3.8 நாள்பட்ட நோய்கள்; கறுப்பினத்தவருக்கு 4.8. அதாவது, அதே வாசலில் நுழைய ஒருவர் மற்றவரைவிட அதிகமாக நோயுற்றிருக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்த மென்பொருளுக்கு யார் என்ன இனம் என்பதே தெரியாது. அந்தத் தகவலை அதற்குக் கொடுக்கவே இல்லை.

பிறகு எப்படி நேர்ந்தது? நோயின் கடுமை என்பது ஒரே எண்ணில் அடங்குகிற சங்கதி அல்ல. ஆனால் இயந்திரத்துக்கு ஓர் எண் வேண்டும். மருத்துவமனைக் கணினியில் தயாராக, சுத்தமாக, எல்லோருக்கும் கிடைக்கிற எண் ஒன்று இருந்தது: ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவு. அதிக நோய் என்றால் அதிகச் செலவு ஆகும் என்ற எண்ணத்தில், வரும் ஆண்டில் இவருக்கு எவ்வளவு செலவாகும் என்று கணிக்கவே இயந்திரத்தைப் பழக்கினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு என்பது நோயினால் மட்டும் வருவதல்ல. மருத்துவமனைக்குப் போக முடிந்தவருக்குத்தான் செலவாகும். வேலைக்கு விடுப்பு கிடைக்காதவர், வண்டி இல்லாதவர், காப்பீடு சரியில்லாதவர் நோயோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கறுப்பின மக்களிடம் மருத்துவத் துறை மீதே ஓர் ஆழ்ந்த அவநம்பிக்கையும் உண்டு. அதற்கு வரலாறு இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் நோய் இருப்பதை மறைத்து, மருந்து தெரிந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவையெல்லாம் சேர்ந்து, ஒரே அளவு நோய் உள்ள கறுப்பினத்தவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,801 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. இயந்திரம் அதைப் படித்து, 'இவருக்கு நோய் குறைவு' என்று முடிவு செய்தது.

சிகிச்சை கிடைக்காதவர், அதே காரணத்தால் சிகிச்சை தேவைப்படாதவர் ஆகிவிட்டார். இதைவிடத் தெளிவான அநியாயத்தை நான் எங்கும் படித்ததில்லை. இதில் கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது.

அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக, அளக்க முடிந்த வேறொன்றை நிறுத்துவதைப் 'பதிலி அளவு' என்று சொல்லலாம். கனிவுக்குப் பதிலி நிறம். நோய்க்குப் பதிலி செலவு. பதிலி இல்லாமல் பெரும்பாலான இயந்திரங்களைப் பழக்க முடியாது என்பது உண்மை. ஆகவே எந்த இயந்திரத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எவ்வளவு புத்திசாலி என்பதல்ல. அது எதை அளப்பதாகச் சொல்கிறது, உண்மையில் எதை அளக்கிறது என்பதே. அந்த ஆய்வாளர்கள், இந்தப் பாரபட்சம் நீங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தனிக் கவனிப்புக்குத் தெரிவாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று தெரிந்தது. மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தோடு சேர்ந்து, செலவோடு உடல்நிலையையும் கணிக்கும்படி மாற்றிப் பார்த்தார்கள். பாரபட்சம் 84 சதவீதம் குறைந்தது.

இதில் நம் ஊருக்கும் ஒரு பாடம் இருப்பதால் ஒரு நிமிடம் நிற்கிறேன். சாதியைக் கேட்காத விண்ணப்பம் சாதியை அறியாது என்று நம்புவது பேதைமை. தெருவின் பெயர், அஞ்சல் குறியீடு, படித்த பள்ளி, சில சமயம் வெறும் பெயர் போதும். ஒரு மனிதருக்குத் தெரிவது எண்களில் தேடும் இயந்திரத்துக்கும் தெரியும். சாதி என்ற சொல் அதற்குத் தெரியாது, அவ்வளவே.

வரம் கொடுக்கும் சாமி

இரணியன் வரம் கேட்ட கதை நமக்குத் தெரியும். பகலில் சாகக் கூடாது, இரவில் கூடாது, மனிதனால் கூடாது, மிருகத்தால் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது. எவ்வளவு கவனமான பட்டியல்! ஆனாலும் அந்திப்பொழுதும் வாசற்படியும் பட்டியலில் இல்லை. வரம், கேட்டவன் மனதைப் பார்க்காது, சொல்லைப் பார்க்கும்.

கணிதமேதை நார்பர்ட் வீனர் 1960இலேயே கிட்டத்தட்ட இதைத்தான் எச்சரித்தார்: நடுவில் தடுத்து நிறுத்த முடியாத ஓர் இயந்திரத்திடம் ஒரு நோக்கத்தை ஒப்படைக்கிறோம் என்றால், அது நாம் உண்மையிலேயே விரும்பும் நோக்கம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று. 2016இல் ஓபன்ஏஐ நிறுவனத்தார் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் இயந்திரத்தைப் பழக்கிப் பார்த்தார்கள். பந்தயத்தை முடிப்பதற்கு அந்த விளையாட்டில் நேரடியாகப் புள்ளி கிடையாது. வழியில் உள்ள இலக்குகளை இடித்தால்தான் புள்ளி. இயந்திரம் என்ன செய்தது தெரியுமா? ஓர் ஓரத்தில் மறுபடி மறுபடி முளைக்கும் மூன்று இலக்குகளைக் கண்டுபிடித்து, அங்கேயே வட்டமடித்தது. படகு தீப்பிடித்தது, மற்றப் படகுகளோடு மோதியது, எதிர்த்திசையில் ஓடியது. பந்தயத்தை முடிக்கவே இல்லை. புள்ளிகள் மட்டும் மனிதர்களின் சராசரியைவிட 20 சதவீதம் அதிகம். கேட்டதைக் கொடுத்துவிட்டது.

இன்று எல்லோரும் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கும் உரையாடல் இயந்திரங்களுக்கும் இதே கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாம். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கக் கற்றுக்கொள்வதே அவற்றின் அடிப்படை. உண்மை பேசும் எழுத்து சரளமாக இருப்பதுண்டு. ஆனால் சரளம் உண்மைக்குப் பதிலி மட்டுமே. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி ஓர் இயந்திரம் கொடுத்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்திருந்தார்கள். வழக்குப் பெயர், மேற்கோள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அப்படி எந்த வழக்கும் நடக்கவில்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இரண்டு நியாயங்கள் மோதும்போது

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய தவறுகள். திருத்தி முடித்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது.

கைதான ஒருவர் மறுபடியும் குற்றம் செய்யக்கூடுமா என்று மதிப்பெண் போடும் 'காம்பஸ்' என்ற மென்பொருளை அமெரிக்க நீதிமன்றங்கள் பல பயன்படுத்தி வந்தன. 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், புளோரிடாவின் பிரவர்ட் கவுண்டியில் 7,000க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை எடுத்து, அவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தது. மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதத்தினருக்கு 'அதிக ஆபத்து' முத்திரை விழுந்திருந்தது, வெள்ளையரில் 23.5 சதவீதத்தினருக்கே. பாரபட்சம் என்றார்கள் பத்திரிகையாளர்கள். மென்பொருள் நிறுவனமோ, எங்கள் முத்திரை பெற்றவர்களில் மறுபடி குற்றம் செய்தோரின் விகிதம் இரு இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், இதைவிடச் சமமாக எப்படி இருக்க முடியும் என்றது.

இருவர் சொன்னதும் உண்மை. இது எப்படி முடியும் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றால் காட்டுகிறேன். நான் கற்பனை செய்த இரண்டு தெருக்கள். ஆளுக்கு நூறு பேர். முதல் தெருவில் 50 பேர் மறுபடி கைதாவார்கள், இரண்டாவதில் 20 பேர். இயந்திரம் முதல் தெருவில் 60 பேருக்கு முத்திரை குத்துகிறது. 40 சரி, 20 தவறு. இரண்டாவதில் 24 பேருக்குக் குத்துகிறது. 16 சரி, 8 தவறு. இரண்டிலும் முத்திரை மூன்றில் இரண்டு பங்கு சரி. நிறுவனம் சொன்ன சமத்துவம் இதுதான். இப்போது ஒரு குற்றமும் செய்யாதவர்களைப் பாருங்கள். முதல் தெருவில் அப்படிப்பட்ட 50 பேரில் 20 பேர் மீது தவறான முத்திரை, அதாவது 40 சதவீதம். இரண்டாவதில் 80 பேரில் 8 பேர் மீது, அதாவது 10 சதவீதம். முதல் தெருவில் பிறந்த நிரபராதி நான்கு மடங்கு ஆபத்தில் இருக்கிறார்.

இரு தெருக்களின் கைது விகிதம் வேறாக இருந்து, கணிப்பும் முழுக்கப் பிழையற்றதாக இல்லாதவரை, முத்திரை சரியாகும் பங்கு, நிரபராதிமீது முத்திரை விழும் பங்கு, மறுபடி கைதாகிறவரைத் தவறவிடும் பங்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இரு தெருக்களிலும் சமமாக வைக்க முடியாது என்று கணித ஆய்வாளர்கள் அதையடுத்து நிரூபித்தார்கள். எனவே எந்த நியாயம் வேண்டும் என்று யாராவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அதைக் கணினி தேர்ந்தெடுக்காது. நிறுவனத்தின் அலுவலக அறையில் ஒரு பொறியாளர் தேர்ந்தெடுப்பதா, சட்டமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசித் தேர்ந்தெடுப்பதா என்பதுதான் கேள்வி. என் மனம் இரண்டாவது பக்கம்தான்.

பதிலி இங்கேயும் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? தரவில் இருப்பது 'குற்றம்' அல்ல, 'கைது'. காவலர் அதிகம் சுற்றும் தெருவில் கைது அதிகமாகத்தான் இருக்கும்.

யார் பதில் சொல்வது?

2018 மார்ச் 18 இரவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டெம்பே நகரம். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரிந்தவை நெஞ்சை அழுத்துகின்றன. மோதலுக்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் என்னவென்று முடிவு செய்ய முடியவில்லை. வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, மிதிவண்டி என்றது. பெயர் மாறும்போதெல்லாம் அதுவரை அந்த உருவம் நகர்ந்து வந்த பாதையை மறந்துவிட்டு, புதிதாகப் பார்ப்பதுபோல் தொடங்கியது. குறுக்குக்கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அதன் வடிவமைப்பில் இல்லை. காரில் உற்பத்தியாளர் வைத்திருந்த அவசர பிரேக் அமைப்பு, தானியங்கி முறையில் செயல்படாதபடி செய்யப்பட்டிருந்தது. கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுவனத்தின் மீது குற்றவியல் பொறுப்பு இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். இருக்கையில் இருந்தவர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர்மீது தவறில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கணக்கில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து, எப்போதோ ஒரு நொடியில் மட்டும் விழித்துக்கொள் என்று சொல்வது மனித இயல்புக்கு எதிரான வேலை. பிரேக்கை முடக்கத் தீர்மானித்தவரும், சாலையைக் கடப்பவரைக் கணக்கில் எடுக்காதவரும் அந்த இருக்கையில் இல்லை. 'கடைசி முடிவு மனிதர் கையில்' என்று எங்காவது படித்தால், அந்த மனிதருக்கு முடிவை மாற்ற நேரமும் அறிவும் அதிகாரமும் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் அவர் முடிவெடுக்க வைத்தவர் அல்ல, பழி சுமக்க வைத்தவர்.

சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றிய யுனெஸ்கோவின் பரிந்துரை 2021இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்துக்கு ஏற்பக் கட்டுப்பாடு என்பது அதன் வழி. வேலை, கடன், கல்வி போன்றவற்றில் மனிதரைத் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் அதில் 'உயர் ஆபத்து' வகை. தமிழ்நாடு அரசும் 2020இலேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அரசு பயன்படுத்தும் மென்பொருளை மக்களுக்குமுன் கொண்டுவருவதற்குமுன் மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். பக்கத்துத் தெலங்கானாவில், அரசுத் தரவுகளைப் பெயர் பொருத்தி இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்ற அமைப்பு, வேறொருவரின் காரை ஓர் ஏழைக் குடும்பத்தின் கணக்கில் சேர்த்து அரிசியை நிறுத்திய சம்பவங்கள் வெளிவந்தன. ரத்தான ரேஷன் அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணினி நீக்கியதை, வீட்டு வாசலில் நின்று மனிதர் சரிபார்க்க வேண்டியிருந்தது.

பெயர் பொருத்தம் என்றதும் எனக்கு என் நண்பர் ஒருவரின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஆங்கிலத்தில் எழுதும்போது சுப்பிரமணியன், சண்முகம், சேகர் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் ஒரே 'எஸ்' தான். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள் போட்ட படிவத்தில் நாம் அந்த ஓர் எழுத்தை நிரப்பிவிட்டு வருகிறோம். நண்பர் ஒரு வங்கியில் வீட்டுக் கடன் கேட்டார். மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டபோது, "சிஸ்டம் ஒப்புக்கொள்ளவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார் முன்னால் இருந்த அலுவலர். நண்பர் விடவில்லை. எதைப் பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுவாரம் மறுபடி போய் நின்றார்.

மூன்றாவது முறை மேலாளரே கோப்பை வாங்கிப் பிரித்தார். பழைய பாக்கி ஒன்று நண்பரின் கணக்கில் ஏறியிருந்தது. அதே பெயர், அதே எழுத்து, அதே பிறந்த ஆண்டு. ஊர் மட்டும் வேறு. மேலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்கள் அப்பா பெயரை முழுதாகச் சொல்லுங்கள்" என்றார்.